நாற்பத்தைந்து விநாடியும் ஒரு வாங்கும்

வாசகர் கேள்வி – பதில்

கனடாவிலுள்ள மகள் வீட்டில் ஒரு பனிக்காலத்தைக் கழித்தபோது ஐஸ் ஹொக்கி ஆட்டங்களைப் பார்த்த அனுபவத்தைச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு பந்திகளில் எழுதியிருந்தேன். உடற்கல்வி ஆசிரியனாக நான் வாழ்நாளெல்லாம் கற்பித்த கரப்பந்துக்கும் எல்லேக்கும் இதுவரை வராத அளவு கடிதங்கள் அந்த இரண்டு பந்திகளுக்கு வந்துவிட்டன. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தொலைபேசியில் ஓர் ஐஸ் ஹொக்கி ஆட்டம் பார்த்தேன். ஒரு நிமிடம் ஓடுவதற்குள் வீரர்கள் தடுப்பைத் தாண்டி உட்காரப் போய்விடுகிறார்கள். நாங்கள் தொண்ணூறு நிமிடமும் வெயிலில் நின்று உதைபந்து ஆடுகிறோம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் இவர்களுக்கு மூச்சு இவ்வளவுதானா?
– கழக வீரர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: மூச்சு உங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், செலவழிக்கும் விதம் வேறு. நீங்கள் தொண்ணூறு நிமிடத்தில் நடப்பீர்கள், நிற்பீர்கள், இடையிடையே ஓடுவீர்கள். அவர்கள் 61 மீற்றர் நீளமும் 26 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு பனித்தளத்தில், மணிக்கு 35 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தை எட்டக்கூடிய ஆட்களோடு மோதிக்கொண்டு, இருநூறு மீற்றர் ஓட்டக்காரன் ஓடுவதைப்போல முழு வேகத்தில் ஆடுகிறார்கள். நாற்பது, நாற்பத்தைந்து விநாடியில் தொடை எரியத் தொடங்கிவிடும். அதற்கு மேலும் நிற்பவன் அணிக்குப் பாரம். களைத்த கால்களைத் தேடித்தான் எதிரணி வரும்.

ஓர் அணியில் கோல்காப்பாளரைத் தவிர ஐவர் தளத்தில் இருப்பார்கள். ஆனால் அன்றைய ஆட்டத்துக்குக் காப்பாளர் இருவர் தவிர்ந்த பதினெட்டுப் பேர் உடுத்தி ஆயத்தமாக இருப்பார்கள். ஆலையில் வேலை நேரத்தைச் சொல்வதுபோல ஒவ்வொரு முறைக்கும் 'ஷிஃப்ட்' என்று பெயர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளில் ஒருவர் இருபது, இருபத்தைந்து தடவை இறங்கி ஏறுவார். கூட்டிப் பார்த்தால் பதினைந்து முதல் இருபது நிமிட ஆட்டம் வரும். மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தித் தருவதில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறவேண்டும். வெளியேறுபவர் வாங்கை நெருங்குமுன் மற்றவர் ஆட்டத்தில் புகுந்துவிட்டால் இரண்டு நிமிடத் தண்டனை.

இந்த ஆட்டக்காரர்களின் மனம் எப்படிப்பட்டது என்று என்னிடம் கேட்டால், இந்த ஏற்பாட்டைத்தான் சுட்டிக் காட்டுவேன். 'பக்' என்ற இறப்பர் வட்டு தன் காலடிக்கு வரப்போகிறது என்று தெரிந்தும், தன் நேரம் முடிந்தால் விட்டுவிட்டு வரவேண்டும். இன்னும் பத்து விநாடி நின்றால் ஒரு கோல் போட்டுவிடலாம் என்று நிற்பவனைப் பயிற்றுநர்கள், கோல் தவறவிட்டவனைவிட அதிகமாக வெறுப்பார்கள். வாங்கில் அமர்ந்ததும் தான் விட்ட பிழையை அங்கேயே கைக்கணினியில் பார்ப்பான், தண்ணீர் குடிப்பான், இரண்டு மூன்று நிமிடத்தில் அவன் பெயர் மறுபடி அழைக்கப்படும். பிழையை நினைத்து வருந்த அவனுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். சொந்தக்காரர் பார்க்கிறார்கள் என்பதற்காகக் கால் இழுத்தாலும் வெளியே வர மறுக்கும் நம் கழக வீரர் சிலரை அந்த வாங்கில் ஒரு மாதம் இருத்தி எழுப்பவேண்டும் என்று எனக்கு ஆசை.

கேள்வி: நான் மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் தொழில் செய்பவன். ஐஸில் கால் வைத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். இவர்கள் எப்படி நிற்கிறார்கள்?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: நீங்கள் உடைக்கும் கட்டியின் கனம் அங்கே கிடையாது. கொங்கிறீட் தளத்தின் உள்ளே புதைத்த குழாய்களில் குளிரூட்டிய உப்புக் கரைசலை ஓடவிட்டு, மேலே ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கு உறையவைத்த மெல்லிய தகடுதான் அந்தப் பனித்தளம். சப்பாத்தின் அடியில் உள்ள உருக்கு அலகின் விளிம்பை நீளவாக்கில் குழித்துத் தீட்டுவதால் அதற்கு இரண்டு கூர் கிடைக்கும். அந்தக் கூர் பனியைக் கடித்துக்கொள்ளும். நிற்கவேண்டுமானால் இரு கால்களையும் குறுக்கே திருப்புவார்கள். தேங்காய்த் துருவல்போலப் பனி சீவிப் பறக்கும். அவர்கள் அடிக்கும் 'பக்' என்பது மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட, 170 கிராம் வரை நிறையுள்ள இறப்பர் வட்டு. சூடான இறப்பர் துள்ளும் என்பதால் ஆட்டத்துக்கு முன் அதையும் உறையவைப்பார்கள். உங்கள் பெட்டியில் மீன் கிடப்பதுபோலத்தான் கிடக்கும்.

கேள்வி: ரொறன்ரோவிலுள்ள மகன் தன் ஆறு வயதுப் பிள்ளையை விடியப்புறம் எழுப்பி இந்த விளையாட்டுக்குக் கொண்டு போகிறான். இரண்டாவது வேலையும் பார்க்கிறான். பேரன் பெரிய ஆட்டக்காரனாக வருவான் என்கிறான். வருவானா?
– பேத்தி பேரன் கண்ட தாய், ஆரையம்பதி

பதில்: அம்மா, உங்கள் மகன் செய்வதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். வெளியே இருட்டு விலகாத வேளையில், கண்ணாடிக்கு இப்பால் கோப்பியும் கையுமாகத் தூங்கி வழியும் தகப்பன்மார். அப்பால் தன் உயரத்துக்குக் கவசம் கட்டிய குஞ்சுகள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். சப்பாத்து, கவசம், மட்டை, தள வாடகை, பயணம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பிள்ளையின் கால் வளர வளரச் சப்பாத்தும் மாறவேண்டும்.

வருவானா என்ற கேள்விக்குக் கணக்கைச் சொல்கிறேன். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் 32 அணிகள் உள்ளன. பதினெட்டு வயதை ஒட்டிய இளைஞர்களை அவை ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் தெரிவு செய்கின்றன. கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் என்று உலகம் முழுவதிலுமிருந்து 224 பேர். அவர்களிலும் பலர் அந்த லீக்கில் ஓர் ஆட்டமேனும் ஆடாமலே திரும்புகிறார்கள். முன்னணிக்கு வரும் கனடாப் பிள்ளைகள் பலர் பதினாறு வயதில் வீட்டைப் பிரிந்து, வேறோர் ஊரில் முன்பின் அறியாத குடும்பத்தோடு தங்கி இளையோர் அணியில் ஆடுகிறார்கள். விதிவிலக்குகளும் உண்டு. மார்ட்டின் சான் லூயி என்ற கியூபெக்காரரை, ஆள் கட்டை என்பதால் எந்த அணியும் தெரிவு செய்யவில்லை. 2004இல் அவர் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் பெற்றார். ஆனால் விதிவிலக்கை நம்பி இரண்டாவது வேலை பார்க்கக்கூடாது. பேரன் அந்தத் தளத்தில் சிரிக்கிறானா என்று மகனிடம் கேளுங்கள். சிரித்தால் ஆடட்டும்.

கேள்வி: நான் பாடசாலை ஹொக்கி அணியின் கோல்காப்பாளன். புற்றரை ஹொக்கிதான். மாகாண இறுதியாட்டத்தில் என் கால்களுக்கு இடையால் போன பந்தினால் தோற்றோம். நான்கு மாதமாகக் கண்ணை மூடினால் அந்தப் பந்துதான் வருகிறது. ஐஸ் ஹொக்கிக் காப்பாளர்கள் இதை எப்படித் தாங்குகிறார்கள்?
– மாணவன், காரைதீவு

பதில்: தம்பி, உமது கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மற்ற வீரர்களுக்கு வாங்கு உண்டு என்று மேலே எழுதினேன் அல்லவா? காப்பாளனுக்கு அது கிடையாது. கோல் விழுந்ததும் அவனுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், பல்லாயிரம் பேர் கத்துவார்கள், அவன் அதே இடத்தில் நிற்கவேண்டும்.

தாங்காமலும் பலர் இருந்திருக்கிறார்கள். கிளென் ஹோல் என்ற காப்பாளர் 1955 முதல் 1962 வரை தொடர்ச்சியாக 502 ஆட்டங்களில் முகக்கவசம் இல்லாமல் நின்றவர். இன்றுவரை எவரும் நெருங்கமுடியாத எண்ணிக்கை அது. அந்த மனிதர் அநேகமாக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர் வாந்தி எடுப்பாராம். பயம் இல்லாதவர்தான் காப்பாளராக நிற்கலாம் என்று யாரும் உமக்குச் சொன்னால் இவரை நினைத்துக்கொள்ளும். மொன்றியல் அணியின் ஜாக் பிளான்ற், 1959 நவம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் முகத்தில் பக் பட்டுக் கிழிந்து தையல் போட்டபின், முகக்கவசம் அணியாமல் தளத்துக்குத் திரும்பமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். அந்தக் காலத்தில் முகத்தை மூடுவது கோழைத்தனம் என்று கருதப்பட்டது. பயிற்றுநரும் எதிர்த்து வந்தார். மாற்றுக் காப்பாளர் இல்லாததால் இணங்கினார்கள். மொன்றியல் வென்றது. இன்று கவசமின்றி நிற்பவரைத்தான் பைத்தியம் என்போம்.

இப்போது உம்முடைய பந்துக்கு வருகிறேன். உலகின் மிகச் சிறந்த காப்பாளர்களும் தம்மை நோக்கி வரும் பத்து அடிகளில் ஏறக்குறைய ஒன்றை உள்ளே விடுகிறார்கள். ஒரு பருவத்தில் ஐம்பது, அறுபது ஆட்டம் நிற்கும் ஒருவருக்குப் பின்னால் அந்தச் சிவப்பு விளக்கு நூறு தடவைக்கு மேல் எரியும். அதனால் அவர்கள் வாங்கு இல்லாத இடத்தில் தமக்கென்று ஒரு வாங்கைச் செய்துகொள்கிறார்கள். பிரேடன் ஹோல்ற்பி என்பவர் போத்தலிலிருந்து தண்ணீரைப் பீச்சி, அதில் ஒரே ஒரு துளியைக் கண்ணால் பின்தொடர்ந்து, அது விழும்வரை வேறெதையும் நினையாதிருப்பார். பற்றிக் றுவா கோல் கம்பங்களோடு பேசுவார். வெளியாருக்கு இவை சிரிப்பாக இருக்கும். தேர் இழுக்குமுன் தேங்காய் உடைக்கும் நமக்கு ஏன் சிரிப்பு வரவேண்டும்? உடைத்த தேங்காயால் தேர் ஓடுவதில்லை; இழுப்பவன் கைக்கு ஓர் ஆரம்பம் கிடைக்கிறது.

ஒரு விடயத்தைக் கவனியும். அவர்கள் மறப்பது பார்த்த பிறகுதான். அடுத்த நாள் காப்பாளர் பயிற்றுநரோடு உட்கார்ந்து, கால் எப்போது விரிந்தது, மட்டை ஏன் நிலத்தை விட்டு எழுந்தது என்று அந்த ஒரு கோலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் அது ஒரு பாடம் ஆகிவிடுகிறது. நீர் நான்கு மாதமாகப் பார்ப்பது கோலை அல்ல, தோற்ற பின் மற்றவர்களின் முகங்களை. உமது பயிற்றுநரிடம் போய், அந்தப் பந்தைப் பற்றி மட்டும் ஒரு மணிநேரம் பேசும். மட்டை நிலத்தில் இருந்ததா என்று முதலில் கேளும்.

கேள்வி: எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் பாடசாலை, துறையில் மிதவைப் பாதை ஏறித் தினமும் போய்வருகிறேன். வீரர்களுக்கும் இடமாற்றம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எங்களைப்போல் மேன்முறையீடு செய்ய முடியுமா?
– ஆசிரியை

பதில்: டீச்சர், உங்கள் வலயக் கல்விப் பணிமனை அவர்களின் முகாமையாளர்களைவிட இரக்கமானது. அங்கே ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் மறுப்புரிமை பெற்ற மூத்தவர்கள் சிலரைத் தவிர மற்றவர்களை யாரும் கேட்பதில்லை. தொலைபேசி வரும், அடுத்த ஆட்டத்துக்கு நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் வேறு நிறச் சட்டையோடு நிற்கவேண்டும். மனைவி வீட்டைக் கட்டுவார், பிள்ளை பாடசாலை மாறும். மார்ச் மாதத்தில் இந்த மாற்றங்களுக்கு ஒரு கடைசித் திகதி உண்டு. அந்த நாளில் கைத்தொலைபேசி அடித்தால் நெஞ்சும் சேர்ந்து அடிக்கும் என்பதை ஊகிக்கலாம். வேய்ன் கிரெற்ஸ்கியையே 1988 ஓகஸ்ற் 9ஆம் திகதி எட்மன்டன் அணி லொஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்துவிட்டது. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் அவர் தலைமையில் எட்மன்டன் நான்காவது தடவையாக ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றிருந்தது. செய்தியாளர்கள் முன் அவர் அழுதார். 2,857 புள்ளிகள் எடுத்து, எவரும் எட்டமுடியாத இடத்தில் ஓய்வு பெற்ற மனிதரின் நிலையே இதுவென்றால், மூன்றாம் வரிசையில் ஆடுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவரை இடையில் கீழ்நிலை லீக்குக்கு அனுப்புவார்கள், திரும்ப அழைப்பார்கள், மறுபடி அனுப்புவார்கள். பெட்டி எப்போதும் கட்டியபடியே இருக்கும்.

இதற்குள்தான் அந்த வாழ்க்கை ஓடுகிறது. ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல்வரை எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள், பாதி வெளியூரில். ஆட்ட நாளில் காலையில் மெல்லிய பயிற்சி, நிறைய உணவு, பிற்பகலில் கட்டாயத் தூக்கம், மாலையில் அரங்கு. ஆட்டத்துக்கு முன் நடைபாதையில் வட்டமாக நின்று உதைபந்தை நிலத்தில் விழாமல் தட்டி விளையாடுவது பல அணிகளின் வழக்கம். அதைப் பார்த்தபோது எனக்கு மட்டக்களப்பு வெபர் மைதானத்தின் மாலை நேரம் நினைவுக்கு வந்தது. ஏப்ரலுக்குப் பின்னும் தப்பிய பதினாறு அணிகள் ஜூன்வரை மோதும். கிண்ணத்துக்கு இன்னும் பதினாறு வெற்றிகள் வேண்டும். வென்ற அணியின் வீரர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கிண்ணம் ஒருநாள் சொந்தமாகக் கையில் கிடைக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தாம் பிறந்த ஊருக்குத்தான் கொண்டுபோகிறார்கள்.

கேள்வி: வீரர்கள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்திக்கொள்கிறார்கள், மத்தியஸ்தர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதுவும் விளையாட்டா?
– வாசகர், செங்கலடி

பதில்: இருவருக்கும் ஐந்து நிமிடம் வெளியே உட்காரும் தண்டனை உண்டு, ஒருவர் விழுந்ததும் விலக்கிவிடுவார்கள். தம் அணியின் நட்சத்திரத்தை யாராவது முரட்டுத்தனமாக அடித்தால் பதிலுக்கு நிற்பதற்கென்றே முன்பு அணிகள் ஆள் வைத்திருந்தன. அந்த வகை ஆட்கள் இப்போது அருகிவிட்டார்கள். நான் அதை ஆதரிப்பவன் அல்லன். ஆனால் இறுதிச் சுற்றுத் தொடர் ஒன்று முடிந்ததும், இரண்டு வாரம் ஒருவரையொருவர் நொறுக்கிய இரு அணிகளும் வரிசையில் வந்து கை குலுக்கிப் போவதைப் பார்க்கையில், வடசேரி தென்சேரி என்று ஊரே பிளந்து வசைபாடிக் கொம்பு முறித்துவிட்டு அம்மன் வாசலில் ஒன்றாகிவிடும் நம்மவர்கள் நினைவில் வந்தார்கள்.

கேள்வி: எலும்பு முறிந்தும் ஆடினார் என்று இவர்களைப் புகழ்கிறார்கள். தாதியாகப் பணிபுரியும் எனக்கு இது கோபத்தைத் தருகிறது. உங்கள் கருத்து என்ன?
– வாசகி, கல்முனை

பதில்: உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2013 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் பொஸ்டன் அணியின் பற்றீஸ் பேர்ஜெரோன் முறிந்த விலாவோடும் விலகிய தோளோடும் ஆடினார். நுரையீரலில் துளை விழுந்திருந்தது பின்னர் தெரியவந்தது. அணி தோற்றது. கதையை வீரம் என்று சொல்வார்கள். தன் வாங்கிலிருப்பவனைக் கைவிடக்கூடாது என்ற உணர்ச்சி எனக்குப் புரிகிறது. அதை ஏற்றுக்கொண்ட மருத்துவ ஒழுங்கு புரியவில்லை.

தலையில் அடிபடுவது இதைவிடப் பயங்கரம், ஏனெனில் அதற்குக் கட்டுப்போட முடியாது. சிட்னி குரொஸ்பி 2011 ஜனவரியில் சில நாள் இடைவெளியில் இரண்டு அடி வாங்கி, பத்து மாதங்களுக்கு மேல் ஒதுங்கியிருந்தார். நவம்பரில் திரும்பி எட்டு ஆட்டம் ஆடியதும் அறிகுறிகள் மீண்டன. மறுபடி மார்ச்வரை காத்திருந்தார். அவசரப்படாத அந்த மனிதர் பின்னர் 2016இலும் 2017இலும் கிண்ணம் தூக்கினார். மாறாக, சண்டைக்கென்றே வைக்கப்பட்டிருந்த டெரெக் பூகார்ட் 2011இல், 28 வயதில், வலிநிவாரணியும் மதுவும் கலந்து இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோய் கண்டறியப்பட்டது. 2023 ஒக்ரோபரில் இங்கிலாந்தில் அடம் ஜோன்சன் என்ற வீரர் எதிராளியின் சப்பாத்து அலகு கழுத்தில் வெட்டி இறந்த பிறகுதான், சர்வதேசச் சம்மேளனம் தன் போட்டிகளில் கழுத்துக் கவசத்தை எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கியது.

மனத்தின் காயத்தை ஒத்துக்கொள்ள இன்னும் தாமதமாயிற்று. வீரர்களுக்கென்று இரகசியமாக உதவி பெறும் ஏற்பாடு 1996 முதல் இருந்தும், வாய் திறந்தவர் குறைவு. 2021 கோடையில் மொன்றியலை இறுதித் தொடர்வரை கொண்டுசென்ற காப்பாளர் கேரி பிரைஸ், அதே ஒக்ரோபரில் உதவி வேண்டும் என்று சொல்லி விலகி நின்றார். பிழையை இரண்டு மூன்று நிமிடத்தில் மறக்கப் பழகிய மனம், தன் நோயையும் அதேபோல மறக்கப் பார்க்கும், அது மறையாது. கடலும் போரும் கொண்டுபோன ஆட்களை நினைத்து ஒரு நாளும் வாய்விட்டு அழாத ஆண்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருப்பதால், உங்கள் விடுதிக்கு வருபவர்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கேள்வி: பெண்கள் இதை ஆடுகிறார்களா? சம்பளத்துக்கு?
– உயர்தர மாணவி, அக்கரைப்பற்று

பதில்: ஆடுகிறார்கள், மகள். 2024 ஜனவரி 1ஆம் திகதி வட அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று ஆறு அணிகளுடன் ஆரம்பமானது. ஆண்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பீர். ஆனாலும் ஆட்டமே தொழிலாக இருக்கிறது. நமக்குக் கிட்டிய கதை வேண்டுமென்றால், லடாக்கில் உறைந்த குளங்களில் பழகிய பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்திய அணி 2025 ஆசியக் கிண்ணத்தில் வெண்கலம் பெற்றது. மலைக்குளம் உறையும் சில வாரங்களே அவர்களுக்குப் பருவம்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் சறுக்கிப் பார்த்ததுண்டா?
– உங்கள் பழைய மாணவன், திருக்கோவில்

பதில்: எதிர்பார்த்த கேள்விதான், எழுதிய கையெழுத்தும் எனக்குத் தெரியும். ஒருநாள் பேரனின் வற்புறுத்தலால் சப்பாத்துக் கட்டினேன். சிறுவர்கள் பிடித்துக்கொண்டு பழகும் பிளாஸ்ரிக் சட்டம் ஒன்றைத் தள்ளியபடி, மடிப்புக் கலையாத காற்சட்டையோடு, தளத்தின் ஓரத்தில் ஏறக்குறைய பத்து மீற்றர் போனேன். எதிரே நான்கு வயதுப் பிள்ளையொன்று வந்தது. அதற்கு வழிவிடப்போய் நான் மல்லாந்து விழுந்தேன். தொடை எரிவது என்றால் என்ன என்பதை அன்று புத்தகத்துக்கு வெளியே அறிந்தேன். தவழ்ந்துபோய் வாங்கில் ஏறி உட்கார்ந்து, இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினேன். பேரன் தடுப்பின் மேலால் தலையை நீட்டி, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அம்மப்பா, எழும்புங்க, அடுத்த ஷிஃப்ட் உங்கட."